ஊர்க்கூடம் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

     

இன்றைய நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக் கணக்கிற்கு அடுத்தபடியாக இடம்பெற்றிருப்பது, நமது ஜமாஅத்தின் பொதுக்கூடத்தைக் குத்தகைக்கு விடலாமா என்னும் கேள்வியாகும். வாக்கெடுப்பிற்கு முன்பாக, மார்க்கத்தின் பார்வையிலும் வரலாற்றின் பார்வையிலும் சில செய்திகளைக் கூறுமாறு தலைவர் அவர்கள் பணித்தார்கள். அதற்கு முன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நமது கடமை. இமாம், முஅத்தின் ஆகியோரின் மாத ஊதியத்தில் ஒரு பகுதி இந்தக் கூடத்தின் வாடகையிலிருந்தே வருகிறது. குத்தகைத் தொகை கூடினால் நமக்கும் நன்மை உண்டு. ஆகவே இவ்விஷயத்தில் நாமும் ஒரு தரப்பினர். அதை மனத்தில் இருத்திக்கொண்டு நமது பேச்சை எடை போட்டுப் பாருங்கள்.

மக்கத்துக் கூடம்

மனிதர்கள் கூடி வாழத் தொடங்கிய காலம் முதற்கொண்டே வீட்டிற்கும் வணக்கத்தலத்திற்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பாட்டனார் வழியில் முன்னோராகிய குஸை இப்னு கிலாப், கஅபாவின் அருகே 'தாருந் நத்வா' என்னும் ஆலோசனை இல்லத்தை அமைத்தார். குறைஷிகளின் திருமண ஒப்பந்தங்கள் அங்கேதான் நிகழ்ந்தன. போர்க்கொடி அங்கேதான் கட்டப்பட்டது. வணிகக் கூட்டத்தார் அங்கிருந்தே புறப்பட்டனர். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கே பெரும்பாலும் அங்கு ஆலோசனையில் இடமிருந்தது.

ஆனால் அதே கூடத்தில்தான் கி.பி. 622ஆம் ஆண்டில் அண்ணலாரைக் கொலை செய்யும் சதியும் தீட்டப்பட்டது. கூடம் என்பது கல்லும் மண்ணும்தான். அதில் நன்மை நடக்கிறதா தீமை நடக்கிறதா என்பது கூடுகிறவர்களைப் பொறுத்தது. பிற்காலத்தில் அந்தக் கட்டடம் ஹகீம் இப்னு ஹிஸாம் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் கைக்கு வந்தது. அதை அவர்கள் முஆவியா ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு ஒரு லட்சம் திர்ஹத்திற்கு விற்றார்கள். குறைஷிகளின் பெருமையை விற்றுவிட்டீரே என்று குறை கூறப்பட்டபோது, இறையச்சத்தைத் தவிர மற்றப் பெருமைகளெல்லாம் போய்விட்டன என்னும் கருத்தில் பதில் சொல்லிவிட்டு, அந்தத் தொகை முழுவதையும் தர்மமாக வழங்கிவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அப்பாஸியக் கலீஃபா முஃததித் அவர்களின் காலத்தில் அந்த இடம் ஹரம் ஷரீஃபுடன் இணைக்கப்பட்டது.

மதீனத்துக் கூடம்

அந்நாளைய மதீனா, பேரீச்சந் தோட்டங்களுக்கிடையே குலம் குலமாகப் பிரிந்து கிடந்த குடியிருப்புகளின் தொகுப்பு. நம் நாட்டு வழக்கில் சொன்னால் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். அங்கே ஸாயிதா குலத்தாருக்கு நிழற்கூரை வேய்ந்த ஒரு பொது இடம் இருந்தது. அதுவே 'ஸகீஃபா பனீ ஸாயிதா'. ஒருமுறை அண்ணலார் தம் தோழர்களுடன் அங்கு வந்து அமர்ந்து, ஸஹ்ல் ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் பருகுவதற்கு நீர் கேட்டார்கள். அவர்கள் ஒரு குவளையில் கொணர்ந்து கொடுத்தார்கள். அந்தக் குவளையை ஸஹ்ல் அவர்கள் பல்லாண்டுகள் பாதுகாத்து, பின்னர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் கேட்டபோது அன்பளிப்பாக அளித்தார்கள் என்பது புகாரீ ஷரீஃபில் உள்ள செய்தி. ஒரு கிராமத்துக் கூடத்தின் அன்றாடப் பயன் இதுதான்: வருகிறவர் அமர நிழல், பருக நீர்.

அதே நிழற்கூரையின் கீழ்தான் ஹிஜ்ரி 11, கி.பி. 632இல், அண்ணலாரின் மறைவு நாளன்று அன்ஸாரிகள் கூடினார்கள். அபூபக்ர், உமர், அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹும் அங்கு விரைந்தார்கள். கருத்து வேறுபாடு எழுந்தது. குரல்கள் உயர்ந்தன. இறுதியில் அபூபக்ர் ஸித்தீக் அவர்கள் தலைவராக ஏற்கப்பட்டார்கள். ஆயினும் காரியம் அந்தக் கூடத்தோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் பள்ளிவாசலில் பொதுமக்கள் அனைவரின் முன்னிலையிலும் பைஅத் பெறப்பட்டது. ஒரு சிலர் கூடி எடுத்த முடிவு, எல்லோருடைய அவைக்கும் வந்தாக வேண்டும் என்னும் நெறி அன்றே நிலைபெற்றது. நிர்வாகக் குழு எடுத்த குத்தகை முடிவு இன்று பொதுக்குழுவின் முன் வந்திருப்பதும் இந்த நெறியின்படியே. அதற்காக நிர்வாகிகளை நாம் பாராட்டுகிறோம்.

மஸ்ஜிதுந் நபவீயும் தொழுகைக்கு மட்டுமே திறந்திருந்த இடமன்று. அதன் பின்புறத்துத் திண்ணையில் வீடற்ற தோழர்கள் தங்கிக் கல்வி கற்றார்கள். ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்காகப் பள்ளிக்குள்ளேயே கூடாரம் அடிக்கப்பட்டது. காயமுற்றோருக்கு மருந்திட்டவர் ருஃபைதா என்னும் பெண்மணி. ஹிஜ்ரி 9இல் தாயிஃபிலிருந்து வந்த ஸகீஃப் குலத் தூதுக்குழுவினர், இஸ்லாத்தை ஏற்பதற்கு முன்பாகவே பள்ளி வளாகத்தில் தங்கவைக்கப்பட்டனர். கல்விக்கூடமாகவும், மருத்துவ இடமாகவும், விருந்தினர் விடுதியாகவும் ஒரே வளாகம் பயன்பட்டது. இன்று நாம் பள்ளிவாசலின் கண்ணியம் கருதி இவற்றுட் பலவற்றைப் பக்கத்துக் கூடத்திற்கு மாற்றிவிட்டோம். மாற்றியது தவறன்று. மாற்றிய பின் அவற்றை நடத்தாமல் விட்டுவிடுவதுதான் குறை.

தமிழகத்துக் கிராமக் கூடம்

நம் தமிழ் மண்ணும் இதில் பின்தங்கியதன்று. மன்றம், பொதியில், அம்பலம், சாவடி என்று ஊர்ப் பொதுவிடத்திற்கு எத்தனை பெயர்கள்! காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில் ஊர்ச்சபை கூடிய மண்டபம் இன்றும் நிற்கிறது. முதலாம் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய இரு ஆண்டுகளில் சபையார் எடுத்த தீர்மானங்கள் அதன் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்து, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் போன்றவற்றிற்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இதுவே குடவோலை முறை.

நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களுக்கே அந்தச் சபையில் இடமிருந்தது. எல்லா மக்களும் அதில் பங்கு பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் அவர்கள் விதித்த இரண்டு நிபந்தனைகள் எந்தச் சமுதாயத்திற்கும் படிப்பினையாகும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது. அண்மைய மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவரும் வர முடியாது. முதலில் எழுதிய விதிகள் போதாவென்று கண்டு இரண்டே ஆண்டுகளில் திருத்தியும் எழுதினார்கள். கூடத்தின் சுவரிலேயே விதியை எழுதி வைத்தால் அதை யாரும் மறைக்க முடியாது.

இன்றும் தமிழகத்தில் ஊராட்சிகளின் கிராம சபைகள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகின்றன. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் என்றிருந்த நான்குடன் மார்ச் 22ஆம் நாளும் நவம்பர் 1ஆம் நாளும் 2022இல் சேர்க்கப்பட்டன. அவை நமக்கும் உரிய சபைகளே. நம்மவர்கள் அங்கே சென்று அமர்வது குறைவாக இருப்பது வருந்தத்தக்கது.

நமது கூடங்கள் எழுந்த விதம்

நம் முஸ்லிம் ஊர்களில் முன்பெல்லாம் நிகாஹ் பள்ளிவாசலிலோ வீட்டு வாசலில் போட்ட பந்தலிலோ நடந்தது. விருந்து தெருவில் பாய் விரித்து நடந்தது. நாலு பேர் ஒரு சஹனில் கூடி உண்டார்கள். மழை வந்தால் பந்தல் நனைந்தது. வாசல் குறுகிய ஏழை வீட்டாருக்கு இடமே இல்லை. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டியோரும், பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் அனுப்பிய பணத்தோடு, உள்ளூர்த் தாய்மார்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒதுக்கி வைத்த பிடி அரிசியும் சேர்ந்து எத்தனையோ ஊர்களில் மதரஸாக்களும் கூடங்களும் எழுந்தன. 'ஷாதி மஹால்' என்று பெயர்ப்பலகை மாட்டியதும், அது திருமணத்திற்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நமக்கு வந்துவிட்டது. கட்டியவர்களின் எண்ணம் அவ்வளவு குறுகியதன்று. நாலு பேர் வீட்டு வாசலில் நிற்கவும் இடமில்லாத குடும்பத்தின் பெண்மகளுக்கும், செல்வந்தர் வீட்டுப் பெண்மகளுக்கும் ஒரே கூரையின் கீழ் நிகாஹ் நடக்க வேண்டும் என்பதே அவர்களின் நியாயம்.

ஆபத்து நாட்களில்

ஒரு கூடத்தின் மதிப்பு ஆபத்து நாளில் தெரியும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றியுள்ள மீனவச் சிற்றூர்களின் மக்களுக்கு அடைக்கலமும் பல நாட்கள் உணவும் அளித்தனர். 2015 டிசம்பரில் சென்னைப் பெருவெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தன. 2019 ஆகஸ்டில் கேரளத்து மலப்புரம் மாவட்டம் கவளப்பாறையில் மலை சரிந்து ஏராளமானோர் புதையுண்டபோது, மருத்துவமனை தொலைவில் இருந்ததால், போத்துகல் என்னும் சிற்றூரின் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் தம் பள்ளியின் ஒரு பகுதியையே உடற்கூறு ஆய்விற்காக ஒழித்துக் கொடுத்தனர். இறந்தவர் எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. 2020 ஜனவரியில் காயங்குளத்தை அடுத்த சேராவள்ளி ஜமாஅத்தார், தந்தையை இழந்த ஓர் இந்துப் பெண்மகளின் திருமணத்தைத் தங்கள் பள்ளி வளாகத்தில் அவர்களுடைய முறைப்படியே நடத்திவைத்துச் சைவ விருந்தும் அளித்தனர்.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் பேரரசர்கள் அல்லர். நம்மைப் போன்ற ஜமாஅத் கமிட்டிகள்தாம். பூட்டின் சாவி அவர்கள் கையில் இருந்தது. எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. இந்தச் சாவி விஷயத்தைக் குத்தகை பற்றிப் பேசும்போது மீண்டும் சொல்வோம்.

இன்றைய நிலை

நமது கூடம் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்திற்கு நடுவே படிக்கிறார்கள். பக்கத்திலேயே விளக்கும் மின்விசிறியும் உள்ள கூடம் இருளில் கிடக்கிறது. இதற்கு நேர்மாறாக, திறந்திருக்கும் நாட்களில் நடப்பவற்றுட் சில நம் தலையைக் குனிய வைக்கின்றன. மஹர் தொகையைச் சபையில் உரக்கச் சொல்கிறோம். அதைப் போல் பல மடங்கு கைக்கூலியை அதே கூடத்தின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுகிறார்கள். மார்க்கம் மணமகனைக் கொடுக்கச் சொன்னது. ஊர் வழக்கம் அவனை வாங்கச் சொல்கிறது. 1961ஆம் ஆண்டிலேயே நாட்டின் சட்டமும் வரதட்சணையைக் குற்றம் என்று அறிவித்துவிட்டது. மார்க்கமும் சட்டமும் தடுத்த ஒன்றிற்கு ஜமாஅத்தின் கூரை நிழல் தரலாமா?

விருந்தில் மீந்து குழியில் கொட்டப்படும் சோற்றைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிடி அரிசி சேர்த்துக் கட்டிய கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வீணாகிறது.

குத்தகை பற்றி

இப்பொழுது கேள்விக்கு வருவோம். வக்ஃபுச் சொத்தை வாடகைக்கோ குத்தகைக்கோ விடுவது மார்க்கத்தில் கூடாத காரியம் அன்று. ஹிஜ்ரி 7இல் கைபரில் கிடைத்த நிலத்தை உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அண்ணலாரின் ஆலோசனைப்படி வக்ஃபு செய்தபோது, அது விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுரிமையாகாது என்றும், அதன் விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் உரியது என்றும் வகுத்தார்கள். மூலம் நிற்க வேண்டும். பயன் ஓட வேண்டும். ஃபிக்ஹுச் சட்ட மேதைகள் இதிலிருந்து இரண்டு வரையறைகளைக் கூறுகின்றனர். ஒன்று, அந்த வட்டாரத்தில் அதுபோன்ற இடத்திற்குக் கிடைக்கும் நியாயமான வாடகைக்குக் குறைவாக விடக்கூடாது. மற்றொன்று, கொடுத்தவர் எந்த நோக்கத்திற்காகக் கொடுத்தாரோ அந்த நோக்கம் கெடக்கூடாது.

முன்மொழியப்பட்ட குத்தகை முதல் வரையறையை நிறைவேற்றுகிறது. தொகை நல்ல தொகைதான். இரண்டாவது வரையறையில்தான் நமக்குத் தயக்கம். ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டியவர் அந்தப் பணத்தை எடுக்கப் பார்ப்பார். அது அவர் உரிமை. வாடகை உயரும். அலங்காரம், சமையல், பாத்திரம் எல்லாவற்றையும் தம்மிடமே எடுக்க வேண்டும் என்பார். ஏழை ஜமாஅத்தார் கடன் வாங்கி நிகாஹ் நடத்துவார். அல்லது தம் ஊர்க் கூடத்தைக் கடந்து வேறிடம் தேடுவார். நள்ளிரவில் வெள்ளம் வந்தால் சாவி யாரிடம் இருக்கும்? மாலையில் பிள்ளைகள் படிக்க யாரிடம் கேட்க வேண்டும்? வருமானம் கூடி நோக்கம் குறைந்தால் அது இலாபமா நட்டமா என்பதைச் சிந்தியுங்கள்.

சட்டத்தின் பக்கமும் உண்டு. வக்ஃபுச் சொத்தை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதானால் வக்ஃபு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் 2025இல் பெருமளவு திருத்தப்பட்டது. அதன்பின் வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை மத்திய அரசின் இணையதளத்தில் ஏற்றுவது கட்டாயமாயிற்று. வாய்மொழியாகக் கொடுத்தார்கள், தொன்றுதொட்டு நம் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. பட்டா, பத்திரம், வரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவை ஒரு கோப்பில் இல்லாத கூடம், சுவர் இல்லாத கூடத்திற்குச் சமம்.

நமது வேண்டுகோள்கள்

ஆகவே பொதுக்குழுவின் முன் இவற்றைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது: கூடத்தையும் அதன் சாவியையும் ஜமாஅத்தே வைத்துக்கொள்ளட்டும். வருமானம் தேவையெனில் பாத்திரம், நாற்காலி, பந்தல் சாமான்கள் ஆகியவற்றை மட்டும் குத்தகைக்கு விடலாம். அவற்றையும் எடுத்தே தீர வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

இரண்டாவது: வசதியுள்ளோருக்கு முழு வாடகை, இயலாதோருக்கு வாடகையை பைத்துல்மால் ஏற்கட்டும். யாருக்கு ஏற்றது என்பது தலைவரும் செயலாளரும் மட்டுமே அறிந்த இரகசியமாக இருக்கட்டும். ஏழையின் மானமும் அமானிதமே.

மூன்றாவது: கைக்கூலி வாங்கவில்லை, கொடுக்கவில்லை என்று இரு வீட்டாரும் கையொப்பமிட்ட பின்பே கூடம் பதிவு செய்யப்படட்டும். பொய்க் கையொப்பம் இடுவோர் சிலர் இருப்பார்கள். கையெழுத்திடும்போது கை நடுங்குவோரும் சிலர் இருப்பார்கள். அந்தச் சிலருக்காகவேனும் இதைச் செய்வோம்.

நான்காவது: மஃரிபுக்குப் பின் இஷா வரையிலும், தேர்வுக் காலங்களில் அதற்குப் பிறகும் கூடத்தை மாணவர்களுக்குத் திறந்து வையுங்கள். பகலில் பெண்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கல்வி உதவித்தொகை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றிற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் படித்த இளைஞர்கள் மாதம் ஒருமுறை அமரட்டும். இரத்ததான முகாமும் கண் மருத்துவ முகாமும் நடக்கட்டும்.

ஐந்தாவது: ஊரிலுள்ள மற்றச் சமயத்துக் குடும்பங்கள் கேட்டால், நமக்குள்ள அதே வாடகை, அதே விதிகள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மேடைதோறும் பயான் செய்கிறோம். அதை ரசீதுப் புத்தகத்திலும் காட்டுவோம்.

ஆறாவது: கூடத்திற்கெனத் தனிக் கணக்கு வேண்டும். மாதந்தோறும் வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். உத்திரமேரூரார் கல்லில் வெட்டினார்கள். நாம் காகிதத்திலாவது ஒட்டுவோம். ஆவணக் கோப்பை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதும் இவ்வாண்டே நடக்க வேண்டும்.

இவற்றால் கூடத்தின் வருமானம் குத்தகைத் தொகையை எட்டாது என்பது உண்மை. அதனால் நமது ஊதிய உயர்வு தள்ளிப்போகுமாயின் அதைப் பொருந்திக்கொள்கிறோம். முஅத்தின் சாஹிபின் நிலை வேறு. அவர் குடும்பம் பெரிது. அவருக்கு உரியதை மாதச் சந்தாவிலிருந்து சரிசெய்து கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முடிவு உங்கள் கையில். ஆலோசனை என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயத்தைத் திருமறையில் அருளியிருக்கிறான் அல்லாஹ். கருத்து மாறுபடுவோர் எழுந்து பேசுங்கள். குரல் உயர்ந்தாலும் உள்ளம் பிரிந்துவிட வேண்டாம். பிரிவினைக்காக மதீனாவின் எல்லையில் கட்டப்பட்ட ஒரு பள்ளியையே இடிக்கச் சொன்னவர்கள் நம் நபியவர்கள் என்பதை மறவாதீர்கள். பெரும்பான்மை எப்படி முடிவு செய்தாலும் நாம் அதற்குக் கட்டுப்படுவோம். நாளைய ஃபஜ்ரில் எல்லோரும் ஒரே ஸஃப்பில் நிற்போம்.

யா அல்லாஹ்! இந்தக் கூடத்திற்காக ஒரு பிடி அரிசி ஒதுக்கிய தாய்மார்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! அவர்கள் விட்டுச் சென்ற அமானிதத்தை அவர்கள் விரும்பிய வழியில் நடத்தும் ஆற்றலை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் நிகாஹ்களை எளிமையானவையாகவும் பரக்கத் உடையவையாகவும் ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.